மீன்முதுகில் அடுப்பு

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கையிலிருக்கும் தாள்கள் பறந்தன, தள்ளி உட்கார்ந்தால் கழுத்தில் வேர்த்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாற்காலி கிடந்தது, அதற்கு ஒரு கால் குட்டை. கோமதிநாயகம் அதில்தான் உட்கார்ந்தார். மண்ணடியில் கப்பல் ஏஜென்ட் ஆபீசின் மாடி ஹாலில் பத்தேகாலிலிருந்து காத்திருக்கிறார், இப்போது மணி பதினொன்றரை. லிஸ்ட் வரும், உட்காருங்க என்று கவுன்டரில் இருந்தவர் சொல்லியிருந்தார். பம்பாயிலிருந்து டெலக்ஸில் வரவேண்டும். அதில் ஆவுடையப்பன் என்ற பெயர் இருக்கவேண்டும். இருந்தால் மகன் உயிரோடு இருக்கிறான். இல்லாவிட்டால் என்று தொடங்கிய நினைப்பு, அந்த இடம்வரை சமர்த்தாக வந்து நின்றுகொண்டது, அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்றது. ஒன்பது நாளாக இப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு ஈறு இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல அவர் தன் மனதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தது, ஆனால் தன்னுடையதாக இல்லை. இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். இருபத்திரண்டு பேர். ஒரு பக்கமாகச் சாய்கிறோம் என்று கடைசியாகச் செய்தி அனுப்பியதோடு சரி, அப்புறம் பேச்சுமூச்சு இல்லை. நேற்று இங்கிலீஷ் பேப்பரில் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. உயிர்காக்கும் படகில் மிதந்த சிலரை அந்த வழியாகப் போன வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டிருக்கிறது, பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அந்த நான்கு வரியில் ஒரு கமா இடம் மாறி விழுந்திருந்ததை அவர் கவனித்தார். கவனித்ததற்காகத் தன்மேல் அருவருப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

மடியில் புரூப் இருந்தது. ‘வங்கநாதன் கண்ட அதிசயத் தீவுகள்’, சிறுவர்களுக்கு, முப்பத்திரண்டு பக்கம். இரண்டு மணிக்குள் திருத்தி அச்சாபீசில் சேர்க்க வேண்டும். மகன் கடலில் என்ன ஆனான் என்று தெரியாமல் இருக்கிற மனுஷன் புரூப் திருத்துவானா என்று யாரும் கேட்கலாம். பிரமு கேட்டாள். பிரமநாயகி, அவர் மனைவி. காலையில் அவர் பைக்குள் பென்சிலை எடுத்து வைத்தபோது, “அங்க போயும் இதத்தான் செய்யப் போறீயளா?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. கடைக்குப் போகிறவரிடம் பை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்கிற குரல்தான். அவளுக்கும் ஊசி போட்டாயிற்று போலிருக்கிறது. பதிப்பக முதலாளி தேவசிகாமணி நல்லவர், ஒரு வாரம் தள்ளிப் போடலாம் சார் என்றுதான் சொன்னார், இவர்தான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தார். கை சும்மா இருந்தால் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் காரணம். இருபத்தாறு வருஷத்தில் கடல் கதை மட்டும் நாற்பத்தொன்று எழுதியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்கும். மேலட்டையில் கடல்கன்னி இருந்தே ஆகவேண்டும், உள்ளே அவள் வருகிறாளோ இல்லையோ. நாற்பத்தொரு கடல் கதை எழுதியவருக்கு நீச்சல் தெரியாது. கப்பலில் ஏறியதில்லை. கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் ஏறி, போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் வாந்தி எடுத்தார். ஆவுடைக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தான். கை சின்னது, சூடாக இருந்தது. அந்தச் சூட்டை இப்போது முதுகில் தேடிப் பார்த்தார். நாற்காலியின் பிரம்பு உறுத்தியது.

எட்டாம் பக்கத்தில் வங்கநாதனின் கப்பல் ஒரு தீவில் ஒதுங்குகிறது. மணல், தாழம்புதர், நடுவில் ஒரு சுனை. மாலுமிகள் இறங்கிக் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். தீவு நடுங்குகிறது. அது தீவு இல்லை, மீன். ஆயிரம் வருஷம் அசையாமல் கிடந்ததில் முதுகில் மண் சேர்ந்து மரம் முளைத்துவிட்டது. இதை முதலில் எழுதியபோது ஆவுடைக்கு எட்டு வயது, பெரிய பரீட்சை லீவு, அவர் குப்புறப் படுத்து எழுத எழுத அவன் அவர்மேல் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தான். “மீனுக்கு வலிச்சிருக்கும்லப்பா?” என்றான். கப்பல்காரர்களைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. பிறகு, “என் பேரப் போடுங்க” என்று பிடிவாதம் பிடித்தான். போட்டார். அடுப்பு மூட்டுகிற மாலுமிக்கு ஆவுடை என்று பெயர் வைத்தார். மீன் முங்குகிறது, மற்றவர்கள் ஓடிக் கப்பலில் ஏறிவிடுகிறார்கள், ஆவுடை மட்டும் அடுப்பிலிருந்த அண்டாவைக் கட்டிக்கொள்கிறான், அலை அவனை மூடுகிறது. பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவனுக்காகவே கடைசி ஐந்து பக்கங்களை எழுதினார். அண்டாவிலேயே மிதந்து போன ஆவுடை தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் கரையேறிச் சோற்றுக்கடை போடுகிறான், பல வருஷம் கழித்து அங்கே வருகிற வங்கநாதன் ரசத்தை ஒரு வாய் குடித்ததுமே எழுந்து நின்று, இது நம் ஆவுடை கைப்பக்குவம் என்று கத்துகிறான். பிள்ளைகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்தது. ரசம் எப்படி வைப்பது என்று கேட்டுத் தென்காசியிலிருந்து ஒரு பெண் கார்டு போட்டிருந்தாள். பதினாறு வருஷமாக அந்தப் புத்தகம் ஓடியது, நாற்பத்தெட்டுப் பக்கம்.

இந்தத் தடவை முப்பத்திரண்டு பக்கத்துக்குள் அடக்கித் தரவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். படங்களுக்கெல்லாம் அச்சடிக்கும் பிளாக் தயாராக இருக்கிறது, அவற்றை விடமுடியாது. யானையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஆனையிறாஞ்சிப் புள்ளுக்குப் பிளாக் உண்டு, நண்டுக்கு உண்டு, காந்தப் பாறைக்கு உண்டு, கடலுக்குள்ளிருந்து அமாவாசைதோறும் கரையேறி மேயும் குதிரைகளுக்கு இரண்டு உண்டு. ரசத்துக்குப் பிளாக் இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி குடித்துக்கொண்டே, கடைசி ஐந்து பக்கத்தையும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்தார். இன்னும் அங்கங்கே கத்தரித்தார். இந்த வேலையில் அவர் கில்லாடி, வெட்டிய இடம் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியவில்லை. இன்று, இந்த ஹாலில், பதினொன்றரை மணிக்கு, முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் ‘சுபம்’ என்பதைப் பார்த்தபோதுதான் என்னவோ குறைகிறதே என்று திரும்பப் புரட்டினார். எட்டாம் பக்கத்தில் ஆவுடை அண்டாவைக் கட்டிக்கொண்டான், அலை அவனை மூடியது. ஒன்பதாம் பக்கத்தில் ஆனையிறாஞ்சி. பத்தில், பதினொன்றில், எங்கும் ஆவுடை இல்லை. செத்தான் என்று எழுதவில்லை. பிழைத்தான் என்றும் எழுதவில்லை. கப்பல் தன் பாட்டுக்குப் போகிறது. ஒரு மாலுமியைக் கடலில் விட்டுவிட்டு வந்தோமே என்று ஒருத்தனும் மூச்சுவிடவில்லை, வங்கநாதன் மறுபக்கத்திலேயே முட்டை பார்த்து ஆச்சரியப்படுகிறான். கோமதிநாயகம் பென்சிலை நுனியில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது வெறும் வேலைப் பிசகு. எட்டு வயசுப் பையனின் பிடிவாதத்துக்கு வைத்த பெயர். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம். ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டார், மூன்றாவது தடவை சொல்லும்போது எந்த வரியை வெட்டினால் இடம் கிடைக்கும் என்று எண்ணத் தொடங்கியிருந்தார்.

“அது என்ன அண்ணாச்சி, பரீட்சைப் பேப்பரா?” பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் கேட்டாள். காலையிலிருந்தே அங்கே இருக்கிறாள், முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், ஹால் முழுக்க அவர்கள் இரண்டு பேர்தான். கையில் ஜெபமாலை, காலடியில் ஒரு பை, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூஜாவின் தலை தெரிந்தது. தூத்துக்குடிப் பேச்சு. முப்பது வருஷம் மதராசில் இருந்தும் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவருக்குத் தன் நாக்கும் திருநெல்வேலிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கான கதைம்மா, கப்பல் கதை என்றார். அவள் லேசாகச் சிரித்தாள், ராத்திரி முழுக்க பஸ்சில் வந்த முகம். “கப்பல்ல கதை வேற இருக்கா? எங்க வீட்டுக்காரவுக பதினோரு வருசமா கப்பல்ல இருக்காவ. கடலையே பாத்ததில்லைம்பாவ. எஞ்சின் ரூம்ல ஆயிலர். அங்க சன்னல் ஏது அண்ணாச்சி? லீவுல வந்தா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாவ, கடல் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு.” அவள் பெயர் ஹில்டா. வீட்டுக்காரர் ரொமால்டு. அவர் தன் மகனின் பெயரைச் சொன்னார், ஆவுடையப்பன், மேல் டெக்கில் வேலை, மூன்று வருஷம் ஆகிறது. அவள் ஆவுடையப்பன், ஆவுடையப்பன் என்று இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “மாதாகிட்ட அவுக பேரையும் சேத்துக்கிடுதேன்” என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் புரூப்புக்குத் திரும்பினார். நல்ல பெண். நல்ல பெண் என்று நினைத்தார், அந்த நினைப்பும் எங்கோ தூரத்தில் யாரோ நினைத்ததாக இருந்தது.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் வங்கநாதன் ஊர் திரும்பி ராஜசபையில் தான் கண்ட அதிசயங்களைச் சொல்கிறான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பக்கத்தில் ஒரு வரிக்கும் இடமில்லை, கீழே அச்சகத்தின் பெயர்கூட இடித்துக்கொண்டுதான் நிற்கிறது. எதையாவது எடுத்தால்தான் எதையாவது போடலாம். காந்தப் பாறையை எடுக்கலாமா? கப்பலின் ஆணிகளையெல்லாம் உருவிக்கொள்கிற பாறை, ஆனால் வங்கநாதனுடைய கப்பல் கயிற்றால் தைத்தது, ஆணியே கிடையாது, ஆகவே பாறை சமையல்காரனின் அரிவாள்மணையையும் ஒரு கோணி ஊசியையும் மட்டும் பிடுங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். “அப்போ அந்தப் பாறை எதுக்கு சார்?” என்று முதலாளி கேட்டார். ஆவுடைக்கு அது பிடிக்கும், ஏமாந்துபோன பாறை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். நண்டை எடுக்க முடியாது. நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று ஏழு நாள் இழுக்கிற நண்டு, கண் ஒவ்வொன்றும் ஒரு மூங்கில் கழி உயரம். அதைக் கேட்டுவிட்டுப் பையன் மூன்று மாதம் கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போகவில்லை. பிரமு அவரைத்தான் வைதாள். “பிள்ளையைப் பயமுறுத்திச் சம்பாதிக்கணுமா?” பயந்த பிள்ளைதான், பயம் தெளியத் தெளிய நண்டைப் பற்றியே கேட்டான், எந்தக் கடல், எத்தனை நாள் தூரம், இப்பவும் இருக்கா. இப்பவும் இருக்கு என்று சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார்? சும்மா சொன்னார். எழுத்தாளன் சும்மா இருப்பானா, கேட்கிற முகம் ஒன்று கிடைத்துவிட்டால். பாலிடெக்னிக் முடித்து இரண்டு வேலை வந்தது, ஒன்று ஆவடியில், வீட்டிலிருந்து ரயிலில் போய்வரலாம். இன்னொன்று கப்பல். பிரமு அடுப்படியில் நின்றுகொண்டே, “உங்க கதையக் கேட்டுத்தான் போறான்” என்றாள். அவருக்கு அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அந்த வாக்கியத்தை எடுத்து மனதில் வைத்து அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது, பயமும்கூட ஏதோ பக்கத்து வீட்டுக்காரருடையது.

அவன் கடிதங்களில் ஓர் அதிசயமும் இருக்காது. சாப்பாடு பரவாயில்லை. துரு சுரண்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம், முடித்ததும் ஆரம்பத்திலிருந்து மறுபடி துரு சுரண்டுகிறோம். முதல் வருஷம் இவர் விடாமல் எழுதிக் கேட்டார், என்ன பார்த்தாய், ராத்திரி தண்ணீர் மினுங்குமாமே, பறக்கிற மீன் உண்டாமே. அவன் ஒரே ஒரு தடவை பதில் எழுதினான். பறக்கிற மீன் உண்டு அப்பா, டெக்கில் விழுந்து செத்துக் கிடக்கும், காலையில் பெருக்கித் தள்ளுவோம். அதை அவர் நாற்பதாவது கதையில் சேர்த்தார், செத்துக் கிடந்ததை விட்டுவிட்டு. வெட்டிய இடம் தெரியாது. போன லீவில் வந்தபோது உள்ளங்கையெல்லாம் தடித்துப் போயிருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்து மொட்டைமாடிக் கதவருகில் படுத்துக்கொண்டு, “அப்பா, அந்த மீன் எதுக்கு முங்குச்சுன்னு இப்பத்தான் புரியுது. அதுக்குச் சுடல. அதுக்கு அலுத்துப்போச்சு, எத்தன நாள்தான் சுமக்கும்?” என்றான். என்னடா சொல்றே என்றார். ஒண்ணுமில்ல என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போது கேட்டிருக்கலாம். கப்பல் பழசா, வேலை பிடிக்கவில்லையா, வந்துவிடுகிறாயா, ஆவடியில் இன்னும் கேட்டுப் பார்க்கலாம். கேட்கவில்லை. அவர் அந்த வாக்கியத்தை, மீன் அலுத்துப்போய் முங்கியது என்கிற வாக்கியத்தை, மறந்துபோவதற்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்க எழுந்துபோனார். அந்தத் துண்டுத் தாள் எங்கே வைத்தார் என்று இப்போது யோசித்தார். மகனை யோசிக்க ஆரம்பித்து, தாளை யோசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி” என்றாள் ஹில்டா. ஜெபமாலை ஒரு சுற்று முடிந்திருந்தது. “வார வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான். லிஸ்ட்டுல பேரு இருக்கக்கூடாது. உங்க மகன் பேரும் இருக்கக்கூடாது, எங்க வீட்டுக்காரவுக பேரும் இருக்கக்கூடாது. வேற எதுவும் நான் கேக்கல.” அவர் ம் என்றார். அந்த வாக்கியத்தில் ஏதோ ஒரு பிழை இருந்தது. காதில் விழுந்ததுமே தெரிந்தது, எழுத்துப் பிழை இல்லை, இடம் மாறி விழுந்த ஏதோ ஒன்று, பென்சில் தானாக அதை நோக்கித் திரும்பியது. என்ன என்று பார்ப்பதற்குள் குதிரைகள் வந்துவிட்டன, அமாவாசைக்குக் கரையேறும் குதிரைகள், அவற்றை எடுத்தால் என்ன, இரண்டு வரிதானே, ஆனால் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் அந்த வரிக்கு மேலே நட்சத்திரம் வைத்திருக்கிறார், அதையும் சேர்த்து எடுத்தால் பக்கம் குட்டையாகிவிடும். “பொழைச்சு வந்தா போதும் அண்ணாச்சி, அப்புறம் கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பனிமய மாதா கோயில் பக்கத்துல ஒரு டீக்கடை போட்டுக்கிடலாம்னு அவுககிட்டச் சொல்லியிருக்கேன்.” ஆமாம்மா, ஆமாம்மா என்றார். அவள் பேசியது முழுக்க அவருக்குக் கேட்டது. ஒன்றும் உள்ளே போகவில்லை.

கடைசியில் மீனையே எடுத்தார். ராஜசபையில் மீனைப் பற்றிச் சொல்லும் இரண்டு வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: மீன்முதுகில் அடுப்பு மூட்டிய ஆவுடையும் அண்டாவில் மிதந்து கரைசேர்ந்து நல்லபடியாக வீடு வந்தான். எண்ணிப் பார்த்தார், நீளமாக இருந்தது. நல்லபடியாக என்பதை எடுத்தார். எடுத்துவிட்டுப் பென்சிலோடு அப்படியே இருந்தார். மறுபடி போட்டார். அண்டாவில் என்பதை எடுத்தார், எதில் மிதந்தால் என்ன, வந்தால் சரி. இப்போது இரண்டு வரியில் அடங்கியது. மாலுமி வீட்டுக்கு வந்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், மகனுக்காக ஒரு காலணாப் புத்தகத்தில் இரண்டு வரி திருத்திவிட்டு, இனி ஆகட்டும் என்பவரைப்போல டெலக்ஸ் மிஷின் இருக்கிற அறையின் கதவைப் பார்த்தார். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார், பென்சிலை வைத்தார், பையின் வாயை மடித்தார். மணி பன்னிரண்டு ஐம்பது. கவுன்டரில் இருந்தவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தார். உள்ளே எதுவோ டகடகவென்று அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். பம்பாய்க்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தமிழ் தெரியாது. கையில் கிழித்தெடுத்த தாள், ஓரம் பிசிறாக இருந்தது. ஹாலில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். ஸாரி என்று தொடங்கினார். தாமதத்துக்கு வருந்துகிறேன், ஐயாம் வெரி ஸாரி, மீட்ட கப்பலில் இருப்பவர்கள் பத்தொன்பது பேர், மற்ற மூவரைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள், பத்தொன்பது பேரின் பெயர்களைப் படிக்கிறேன் என்றார். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுக்கிற குரல். ஹில்டா எழுந்து நின்றுவிட்டாள். கோமதிநாயகத்துக்கு எழ வரவில்லை. கேப்டன் பெயர் வந்தது. யாரோ, யாரோ, ஒரு வங்காளிப் பெயர், இரண்டு கோவாப் பெயர். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் ஓர் இறக்கையில் மட்டும் ஒட்டடை. ஏழாவதாக மேனேஜர் ஒரு நொடி தடுக்கி, அவுதாயாப்பன் என்றார். அவர் நாக்குக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் அது அவன்தான். அந்தக் கப்பலில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் இருக்கமுடியாது, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரும் கடலுக்கே போகமாட்டார்கள். பிறகு வந்த பன்னிரண்டு பெயர்களை அவர் கேட்கவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ புறப்பட்டது, ஒன்பது நாள் எங்கே இருந்தது என்று தெரியாது, அது வாய்வழியாக வரத் தெரியாமல் கண்ணால் வந்து, மூக்கால் வந்து, கடைசியில் ஒரு சத்தமாக வந்தது. தன் சத்தம்தான் அது என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளே போன் அடித்தது, மேனேஜர் தாளோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதுகில் ஒரு கை விழுந்தது. சூடான கை. மேலும் கீழுமாகத் தடவியது.

“அண்ணாச்சி. அழுங்க அண்ணாச்சி, அடக்காதீங்க” என்றாள் ஹில்டா. அவள் குரலும் உடைந்திருந்தது. “நானும் கேட்டேன். அவரு இங்கிலீஷ் எனக்கு வெளங்கல, பேர மட்டும் எண்ணிக்கிட்டே வந்தேன், ஏழாவதா சொன்னாரு. ஐயோ, ஸாரின்னு அவரு வாயத் தொறந்ததுமே எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பத்தொன்பது பேரா அண்ணாச்சி? பத்தொன்பது பேரையுமா கடல் எடுத்துக்கிட்டு? மூணு பேருதானே மிச்சம். எங்க வீட்டுக்காரவுக பேரச் சொல்லல. கடைசி வரைக்கும் நின்னு கேட்டேன், சொல்லல. மாதாவுக்கு நன்றி சொல்லணும். ஆனா உங்களப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. என்ன வயசு அண்ணாச்சி உங்க மகனுக்கு?”

அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. விரல்களுக்குப் பின்னால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். லிஸ்ட்டில் பேர் இருக்கக்கூடாது என்று அவள் சொன்னதும், தான் ம் என்றதும், அதில் என்ன பிழை என்பதும் இப்போது தெரிந்தது. எஞ்சின் ரூமில் சன்னல் இல்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதே, இந்தக் கை முதுகிலிருந்து எடுபடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் உயிரோடு இருக்கிறான் என்கிற சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் நிற்கிறதாக இல்லை. அவள் தடவத் தடவ அது இன்னும் பெருகியது.

“இருபத்து நாலு” என்றார்.

“ஐயோ” என்றாள் அவள். குனிந்து பையிலிருந்து கூஜாவை எடுத்துத் திருகித் திறந்து, அதன் மூடியிலேயே தண்ணீர் ஊற்றி, அவருடைய கையை முகத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, பிடித்துக்கொள்ள வைத்தாள். குடிக்கும்போது சிந்தாமல் இருக்க மூடியின் அடியில் தன் கையையும் கொடுத்தாள். அவர் குடித்தார். தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், லேசாக உப்புக் கரித்தது. மூடி காலியாயிற்று.

“இன்னும் கொஞ்சம் ஊத்தவா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

தாகம் இல்லை. “ஊத்தும்மா” என்றார்.